முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய் எண்பத்திரண்டு காசு

ஜூலை 8, செவ்வாய்

இந்த டைரி உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அரிசி டின்னுக்குப் பின்னால் பழைய பாவாடையில் சுற்றி வைத்திருந்தேன். எடுத்துவிட்டீர்கள் என்றால் வாசித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் என் அம்மாவிடம் காட்டாதீர்கள். குழுவில் யாரிடமும் காட்டாதீர்கள். அன்னமயில் அத்தையிடம் இப்படி ஒரு டைரி இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்பா வேலை பார்க்கும் அச்சாபீஸில் பைண்டிங் பிசகிப்போன டைரி இது. மார்ச்சுக்கு அடுத்து அக்டோபர் வருகிறது. ஜூலையே கிடையாது. அதனால் தேதியை நானே போட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா படுத்துவிட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பெயர் குருலட்சுமி. பத்தாம் வகுப்பு.

அம்மா வைகறை மகளிர் குழுவின் தலைவி. பன்னிரண்டு பேர். விசேஷ வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவதுதான் குழுவின் தொழில். புதிதாகப் பெரிய காஸ் அடுப்புகளும் நூறு நாற்காலிகளும் வாங்க பேங்கில் லோன் கேட்டிருக்கிறார்கள். அதற்காக மூன்று வருட ஸ்டேட்மென்ட் எடுத்தார்கள். பாஸ்புக் பதியும் மிஷின் ரொம்ப நாளாக ரிப்பேர். அதனால் கணக்கை யாரும் பார்த்தே பல வருடமாகிறது.

இன்று எங்கள் வீட்டில் கூட்டம். இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும், நான் பழகட்டும் என்று சொல்லி அம்மா என்னைத்தான் வாசிக்க வைப்பாள். வாசித்தேன். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி ஒரு வரி வந்தது. முதலில் MOB என்று போட்டு, பின்னால் பெருக்கல் குறிகள், கடைசியில் 7063. எடுத்த தொகை 352.82. நான் எதையும் யோசிக்காமல் வாசித்துக்கொண்டே போனேன். எட்டாவது தடவை வந்தபோது, குழுவில் ஒருத்தியும் அம்மாவுக்கு நாத்தனார் முறையுமான அன்னமயில் அத்தை கையை நீட்டினாள்.

"ஏத்தா, நிறுத்து. அந்த முந்நூத்தி அம்பத்திரண்ட மறுபடி வாசி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசி."

மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அது என்னது, மாப்பு?" என்று கேட்டாள்.

"மொபைல் அத்தை. செல்போன்."

"யாரு செல்லு?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பேங்குக்கு மாதாமாதம் போவது அம்மாதான்.

"மயினி, எங்க செல்லுக்கெல்லாம் நாங்கதான் காசு போடுறோம். குழுக் காசுல ஓடுற செல்லு யாரு வீட்டுல இருக்கு?"

"எனக்குத் தெரியாது அன்னமயிலு."

"தலைவிக்குத் தெரியாம எப்பிடி மயினி காசு போகும்? காலு மொளச்சிருச்சா அதுக்கு?"

அம்மா எழுந்து நின்றாள். "வர்ற ஆடி மொத வெள்ளிக்கிழம காளியம்மன் கோயிலுக்கு எல்லாரும் வாங்க. சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேன், நான் எடுக்கலன்னு" என்றாள்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லும் சொல் பொய்யாக இருந்தால் கண் போய்விடும் என்பார்கள். எங்கள் தெருவில் அதைத் துணிந்து செய்ததாக நான் கேள்விப்பட்டது இரண்டே பேர். அம்மா சொன்ன விதத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் அம்மா எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த 7063-ஐ நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து யார் கதவைத் தட்டினாலும் முதலில் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 9, புதன்

கணக்கு டெஸ்டில் இருபதுக்குப் பதினெட்டு. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா சாப்பிட்டுவிட்டேன் என்கிறாள். சோற்றுப் பானையின் அளவு எனக்குத் தெரியாதா?

ஜூலை 10, வியாழன்

ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்!

அம்மாவின் போனுக்குக் காசு போடச் செல் கடைக்குப் போனேன். சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போஸ்ட்பெய்டு 299, வரி தனி. வரி எவ்வளவு என்று கடை அண்ணனிடம் கேட்டேன். பதினெட்டு சதவீதம் என்றார். உள்ளங்கையிலேயே பேனாவால் போட்டுப் பார்த்தேன். 53.82. இரண்டையும் கூட்டினால் 352.82. கடையிலேயே கத்திவிட்டேன். அந்த அண்ணன் பயந்து கையிலிருந்த செல் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆகவே இது மாதாமாதம் பில் வரும் போஸ்ட்பெய்டு நம்பர். குழுவில் யாரிடமும் போஸ்ட்பெய்டு கிடையாது, எல்லோருக்கும் ரீசார்ஜ்தான். வீட்டுக்கு வந்து மீதிப் பக்கங்களைப் பார்த்தேன். போன வருடம் சித்திரையிலிருந்து தொகை 470.82. அதாவது 399-உம் வரியும். யாரோ பெரிய பிளானுக்கு மாறியிருக்கிறார்கள். மிஷினுக்குத் தானாக ஆசை வராது. அந்த நம்பருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார்.

பேங்கும் இதைச் சொல்லவில்லை. குழுவில் பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தது நான்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் அவசரத்துக்குக் கூப்பிட நம்பர் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி, குழுவில் எல்லோர் வீட்டுக்கும் போனேன். கிட்டம்மாள் பெரியம்மா சிரித்தாள்.

"எனக்கு எதுக்குத்தா என் நம்பரு? நானா எனக்குப் போன் போடப்போறேன்?"

உண்மையில் யாருக்குமே தங்கள் நம்பர் மனப்பாடமாக இல்லை. ஒவ்வொருவர் போனிலிருந்தும் அம்மாவின் போனுக்கு மிஸ்டு கால் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 7063 என்று எதுவும் முடியவில்லை.

அன்னமயில் அத்தை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஆத்தாளக் காப்பாத்தத் துப்புத் துலக்குறியாக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தா, நீயே பாத்துக்க. எங்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது."

அவளுடைய எண்ணும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறக்கப்போகிறது, இனிக் கல்யாணம் இல்லாததால் பாத்திரமெல்லாம் குடோனுக்குத் திரும்பிவிட்டன. கோயிலில் கஞ்சி காய்ச்சுவதற்காக இன்று அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்தோம். பெண்கள் அம்மாவோடு பேசாமல் தேய்த்தார்கள். அம்மாவும் யாரையும் பார்க்காமல் தேய்த்தாள். நான் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கரியைச் சுரண்டினேன். கரி போகப் போக எழுத்து தெரிந்தது. பேர் வெட்டியிருந்தார்கள்.

வைகறை மகளிர் குழு. அதற்குக் கீழே பத்து எண்கள். கடைசி நான்கும் 7063.

அடுத்த அண்டாவைக் கவிழ்த்தேன். அதே எண். தேக்சாவில், வாளியில், எல்லாவற்றிலும். சின்ன வயதிலிருந்து இந்தப் பாத்திரங்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். அதனால்தான் பார்த்த எண்ணாகத் தெரிந்திருக்கிறது.

கையை அரைகுறையாகத் துடைத்துவிட்டு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனேன். பத்து எண்ணையும் அழுத்தினேன். மணி அடிக்கும் முன்னாலேயே திரையில் ஒரு பெயர் வந்துவிட்டது. செந்தட்டி அண்ணன்.

"செந்தட்டி பாத்திர வாடகை. சொல்லுங்க, எத்தன எலைக்கு?" என்றது குரல்.

"முந்நூறு எலைக்கு" என்றேன். "எங்க அக்கா கல்யாணம். ஆவணியில."

எனக்கு அக்காவே கிடையாது. அம்மாவின் நம்பர் போன வருடம்தான் மாறியது, அதனால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஜமாய்ச்சிரலாம் தாயி. அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, கரண்டி எல்லாம் நம்மகிட்ட இருக்கு. ஆமா, நம்ம நம்பரு எங்க கெடச்சது?"

"ஒரு வீட்டுல அண்டாவுல போட்டிருந்துச்சு."

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாக."

நான் போனை வைத்துவிட்டேன். திரையெல்லாம் கரி.

ஜூலை 14, திங்கள்

செந்தட்டி மாமா யார் என்று எழுதவில்லை அல்லவா? குழு ஆரம்பித்த காலத்தில் அவர்தான் குடோனைப் பார்த்துக்கொண்டவர். ஆர்டர் எடுப்பார், வண்டியில் ஏற்றிப் போவார், திரும்ப எண்ணி வாங்குவார். அந்த வேலைக்காகக் குழுவே ஒரு சிம் வாங்கிக் கொடுத்தது. அவர் அதைத் தன் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொண்டார். நாளடைவில் எல்லோருக்கும் அது 'செந்தட்டி அண்ணன் நம்பர்' ஆகிவிட்டது. குழு நம்பர் என்ற நினைப்பே போய்விட்டது.

இரண்டு வருடம் முன்னால் அவர் பக்கத்து ஊரில் சொந்தமாகக் கடை போடுகிறேன் என்று போனார். போகிற அன்று எல்லாவற்றையும் எண்ணி வாங்கினார்கள். சாவி, நோட்டு, தார்ப்பாய், நாற்பத்து நான்கு பெரிய பாத்திரம். இரண்டு கரண்டி குறைந்தது என்று அன்னமயில் அத்தை அவரிடம் நூற்றைம்பது ரூபாய் பிடித்தாள். கரண்டியை எண்ணியவர்கள் நம்பரை எண்ணவில்லை.

நம் அண்டாவில் நம் பெயருக்குக் கீழே இருக்கிற எண்ணைப் பார்த்து ஆட்கள் கூப்பிடுகிறார்கள். ஆர்டர் அவருக்குப் போகிறது. போன் பில்லை நாம் கட்டுகிறோம். போன வருடம் முகூர்த்தத்திலும் குடோனில் பாதிப் பாத்திரம் சும்மா கிடந்தது. ஏன் என்று அம்மா தவித்தது எனக்குத் தெரியும்.

ஆனால் பேங்கிடம் பில்லைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது யார்? அதைக் கேட்டால் மறுபடியும் அம்மாவிடம்தானே வருவார்கள்?

ஜூலை 16, புதன்

இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தேன்.

வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அம்மாவோடு பேங்குக்குப் பஸ்ஸில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தலையை ஒருமுறை தடவினாள். அவ்வளவுதான்.

பேங்கில் ஒரு மேடம் பொறுமையாகக் கேட்டார். "இது நாங்களா பிடிக்கிற காசு இல்லம்மா. நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க, மாசாமாசம் இந்த நம்பர் பில்ல எடுத்துக்கலாம்னு. நிறுத்தச் சொல்லி எழுதித் தர்ற வரைக்கும் போயிட்டேதான் இருக்கும்" என்றார். பழைய பைல் ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு பாரத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

நீல மை. இங்கிலீஷ் பெரிய எழுத்துகள். ஏழின் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு.

எங்கள் தெருவில் ஏழுக்குக் கோடு போடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒருமுறை முகூர்த்த நேரத்தில் ரீசார்ஜ் தீர்ந்து போன் செத்துவிட்டது. ஆர்டர் போய்விட்டது என்று ஒரே சண்டை. பாத்திரத்தில் வெட்டிய நம்பர், அது சாகவே கூடாது என்று சொல்லி, குழுக்களைப் பார்க்க வந்த ஒரு மேடம் போஸ்ட்பெய்டு யோசனை சொன்னார். அதே நாளில் இன்சூரன்ஸ் பாரம், லோன் பாரம், போட்டோ ஒட்டும் பாரம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம். எனக்கு எழுத்து அழகாக வரும் என்று அம்மா என்னை உட்கார வைத்தாள். அந்த மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாவும், இப்போது திருப்பூருக்குப் போய்விட்ட செயலாளர் சுப்புத்தாய் அக்காவும், பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். முடிந்ததும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்கள்.

"யாரும்மா எழுதினது? எழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார் பேங்க் மேடம்.

அம்மா பாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எழுதத் தெரிஞ்சவுக எழுதுனது" என்றாள்.

நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டில் அம்மா சொன்னாள்.

"நீ வாயத் தொறக்கக் கூடாது. செந்தட்டி அண்ணன் விஷயத்த நான் சொல்லிக்கிறேன். பாரத்த யாரு எழுதுனான்னு கேட்டா, நான்தான் எழுதுனேன்னு சொல்லிருவேன்."

"சூடத்து மேலயாம்மா?"

அம்மா வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எட்டு வருடமாக, பேங்கில் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறாள் என்று குழுவே நம்புகிறது. எனக்காகவும் அதற்காகவும் சூடத்தின் மேல் பொய் சொல்லப்போகிறாள். என் எழுத்துக்காக அம்மாவின் கண் போக வேண்டுமா?

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்மா நாளைக்குக் கட்ட மஞ்சள் சேலையை மடித்து வைத்துவிட்டாள். தூக்கம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயிலில் கஞ்சி அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அம்மா ஈரத்தலையோடு சன்னதி முன்னால் நின்றாள். செந்தட்டி மாமா விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓர் அண்டாவைக் காட்டி, "அடியில என்ன வெட்டியிருக்குன்னு பாருங்க" என்றாள். கிட்டம்மாள் பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். எல்லோர் முகமும் இளகிற்று, அன்னமயில் அத்தை முகத்தைத் தவிர.

"சரி மயினி. பில்லக் கட்டச் சொல்லிப் பாரத்த எழுதுனது யாரு? அத யாரும் எங்களுக்குச் சொல்லலயே."

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டார். அம்மா தட்டுக்கு நேரே கையை நீட்டி வாயைத் திறந்தாள்.

நான் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"நான்தான் எழுதுனேன். ஆறாப்புப் படிக்கிறப்ப. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. என்ன எழுதியிருக்குன்னே தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டாங்க. அன்னைக்கு நீங்க எல்லாருந்தான் இருந்தீங்க. ஒருத்தர்கூட இது என்னன்னு கேக்கல."

அம்மா அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"ஏத்தா, அன்னைக்கு ரோஸ்மில்க்கு வாங்கிக் குடுத்தது நான்தான?" என்றாள் கிட்டம்மாள் பெரியம்மா. "பதினோரு வயசுப் புள்ள எழுதுன காகிதத்துக்கு, பன்னெண்டு பொம்பளைக சுத்தி நின்னு விசிறிவிட்டுருக்கோம்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். சூடம் பாதி எரிந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

"சத்தியம் பண்ண வந்தேன். பண்ணாமப் போக மாட்டேன்" என்றாள். "காளியாத்தா, குழுக் காசுல ஒத்தப் பைசா நான் எடுக்கல. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கறத மறைச்சேன். அது தப்பு. இனிமே என்ன எழுதியிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாள். முகம் சுளிக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கலெக்டர் வந்தபோதுகூட நான் அப்படி ஒருத்தரைப் பார்க்கவில்லை. இவள் என் அம்மா என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கிட்டம்மாள் பெரியம்மா முன்னால் வந்தாள். "எனக்கும் ஒண்ணு ஏத்துங்க சாமி" என்றாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். ஒவ்வொருத்தியாக அதே வார்த்தையைச் சொல்லி அணைத்தார்கள். "ஏம்மா, இது அம்மனுக்கு வாங்குன சூடம், தீரப்போகுது" என்று பூசாரி முனகிக்கொண்டே ஏற்றினார்.

அன்னமயில் அத்தை மட்டும் செய்யவில்லை. புகை கண்ணில் எரிகிறது என்று ஓரமாகப் போய் நின்றாள். தோற்றுப்போன கோபம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லோரும் முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். "அந்த நம்பரப் போட்டுக் குடு" என்று தன் போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, நான் அன்னமயிலு. ரெண்டு கரண்டிக்கு ஒங்ககிட்ட நூத்தம்பது ரூவா பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா? கரண்டிக் கணக்கு தீந்துருச்சு. இப்ப நம்பர் கணக்கப் பேசலாமா?"

"நானே நேர்ல வாறேன் தாயி" என்றது போன்.

ஜூலை 21, திங்கள்

செந்தட்டி மாமா நேற்றே சிம்மைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அம்மா அதை வெற்றிலையில் வைத்து வாங்கினாள்.

"எனக்குப் பில்லே வந்ததில்ல தாயி. கம்பெனிக்காரன் மறந்துட்டான்னு நெனச்சேன். பெரிய பிளான் வேணுமான்னு கேட்டான், போடுன்னேன்" என்றார். இரண்டு வருடப் பில் காசையும் ஆவணிக்குள் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆவணிக்குப் பிடித்து வைத்திருந்த ஏழு ஆர்டரையும் குழுவுக்கே விட்டுக்கொடுத்தார். எட்டாவது ஓர் ஆர்டரும் இருக்கிறதாம், முந்நூறு இலைக்கு, அக்கா கல்யாணம். அது வராது என்று நான் சொன்னேன். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். மாதாமாதம் ஸ்டேட்மென்டை வாங்கி குருலட்சுமி வாசித்து, வரிவரியாக அர்த்தம் சொல்ல வேண்டும். தீர்மான நோட்டில் என் பெயரை நானே எழுதினேன். அம்மா அதற்குக் கீழே கையெழுத்துப் போடும் முன்னால், "என்ன எழுதியிருக்க, வாசி" என்றாள். வாசித்த பிறகுதான் போட்டாள்.

சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்தவள், தட்டில் கிடந்த மாவின் மேல் விரலால் ஏதோ கீறினாள். எட்டிப் பார்த்தேன். M. பக்கத்தில் O. அடுத்த எழுத்தின் வயிறு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள்.

ஜூலை 23, புதன்

பதினெட்டு மார்க் விஷயத்தை இன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். மீதி இரண்டு எங்கே என்று கேட்டாள். பழைய அம்மா திரும்பிவிட்டாள்.

குழு போனுக்கு இன்று மூன்று ஆர்டர் வந்தது. நாளை அறிவியல் டெஸ்ட். இன்னும் ஒரு பாடம் பாக்கி. இந்த டைரியை இனிமேல் ஒளித்து வைக்க வேண்டாமோ என்று

கதவு தட்டுகிறார்கள். விரல் நுனியால், மெதுவாக.

சன்னல் வழியாகப் பார்த்தேன். அன்னமயில் அத்தை தனியாக நிற்கிறாள். முக்காடு போட்டிருக்கிறாள். கையில் மஞ்சப்பை. பைக்குள்ளிருந்து ஒரு பாஸ்புக்கின் நீல மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது.

"குரு, வெளிச்சம் தெரிஞ்சது, அதான் வந்தேன். ஆத்தாள எழுப்பிறாத. இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கு மட்டும் வாசிச்சுச் சொல்லுவியாத்தா? யாருகிட்டயும் காட்டிறாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மறுபடியும் தட்டுகிறாள். இதோ வரு